தோலின் முறையீடு

மனிதன் தன் முகத்தைத் தானே காண இயலாதவனாகப் படைக்கப்பட்டிருக்கிறான். கண்ணாடியோ நீர்ப்பரப்போ துணைக்கு வந்தாலன்றி நம் முகத்தை நாம் அறிவதில்லை. பிறர் கண்களே அதை அறியும். ஆகவேதான் முகத்துக்கு வரும் நோவு மற்ற உறுப்புகளுக்கு வரும் நோவினின்றும் வேறுபட்டு நிற்கிறது. வயிற்றில் வலியுள்ளவன் தன் வலியை மட்டுமே சுமக்கிறான். முகத்தில் புண்ணுள்ளவனோ, தன் வலியோடு தெருவில் வருவோர் போவோரின் பார்வையையும் சேர்த்துச் சுமக்கிறான்.

இவ்வெண்ணம் நம்முள் எழக் காரணமானவர் மங்கலம்பேட்டையைச் சேர்ந்த ஓர் அன்பர். நாள்தோறும் விருத்தாசலம் சென்று, அங்குள்ள பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். பீடி, சுருட்டு எதையும் தொட்டறியாதவர். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொன்னபோது, ஊரே ஒரு நாள் பேச்சிழந்திருந்தது. பின்னர் சதைத் துணுக்கைச் சோதித்த மருத்துவர், இந்நோய்க்கென்றே அமைந்த மாத்திரை ஒன்று உண்டு என்றும், நாளுக்கு ஒன்றாக அதை விழுங்கி வந்தால் போதும் என்றும் கூறினார். மருந்து பலித்தது. இரண்டு மாதங்களில் இருமல் தணிந்தது, மூச்சு சீரானது, மாடிப்படி ஏற முடியாதிருந்தவர் பள்ளிவாசலுக்கு நடந்து வந்தார்.

ஆயினும் அவர் முகம் முழுவதும் செங்கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. மூக்கின் இருபுறமும், நெற்றியிலும், மார்பிலும் சீழ் கோத்த பருக்கள். சில வாரங்களில் தோல் வறண்டு வெடித்தது; விரல் நகங்களின் ஓரம் வீங்கிக் கசிந்தது. சவரம் செய்ய இயலவில்லை. தெருப் பிள்ளைகள் ஒதுங்கி நடந்தன. முதலில் கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினார். அடுத்து ஜும்ஆவுக்குக் கடைசி ஸஃப்பில் வந்து முதல் ஆளாக வெளியேறினார். பிறகு அதற்கும் வரவில்லை.

நாம் சென்று பார்த்தோம். தோளில் கை வைத்து, அன்போடுதான் சொன்னோம்: “உயிரைவிடவா முகம் பெரிது? அல்லாஹ் உயிரைத் தந்திருக்கிறான். பொறுத்துக்கொள்ளுங்கள்.” அவர் தலையசைத்தார். அதன் பிறகு அவர் அது பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அக்காள் மகளின் நிக்காஹ் நெருங்கியபோது, முகம் சற்றுத் தெளியட்டும் என்று யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த முறை மருத்துவமனைக்குச் சென்றபோது அட்டையில் எஞ்சியிருந்த மாத்திரைகளே அவரைக் காட்டிக்கொடுத்தன. ஏன் முன்பே சொல்லவில்லை என்று மருத்துவர் கேட்டாராம். “உயிரைக் காப்பாற்றிய மருந்தைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை, ஐயா” என்பது அவர் தந்த விடை.

அந்த விடையைக் கேட்ட நாள் முதல் நம்மை ஒரு வினா விடாது தொடர்கிறது. உயிர் பிழைத்தவன் தோலைப் பற்றி முறையிடலாமா? பெரிய கொடையைப் பெற்றவன் சிறிய துன்பத்தைப் பேசினால் அது நன்றிகேடாகுமா?

ஒரே பூட்டு, இரண்டு கதவுகள்

வினாவுக்குள் நுழையுமுன், இத்துன்பம் எங்ஙனம் விளைகிறது என்பதை அறிந்துகொள்வது நலம். அறியாமையே பல வேளைகளில் இரக்கமின்மையாக மாறிவிடுகிறது.

புற்றுநோய்க்கு முன்னர் வழங்கிவந்த மருந்துகள் விரைந்து பெருகும் உயிரணுக்களையெல்லாம் வேறுபாடின்றி அழிப்பவை. தலைமுடி கொட்டுவதும், குடல் புண்ணாவதும், இரத்தம் குன்றுவதும் அதனாலேயே. நோயை மட்டும் தேடிச்சென்று தாக்கும் மருந்தொன்று வேண்டும் என்று ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கனவு கண்டார். அதற்கு ‘மந்திரத் தோட்டா’ என்றும் பெயரிட்டார். அக்கனவு நனவாவதற்குப் பல்லாண்டுகள் பிடித்தன.

அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாறொன்றை, பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அக்குஞ்சுகள் உரிய நாளுக்கு முன்னரே கண் திறந்தன. பல்லும் முன்னரே முளைத்தது. தோலை வளரச் செய்யும் பொருளொன்று அச்சாற்றில் இருப்பதை அவர் உணர்ந்து, 1962-இல் அதைப் பிரித்தெடுத்து அறிவித்தார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்பது அதன் பெயர். இதற்காக 1986-இல் ரீட்டா லெவி மொன்டால்சினி என்னும் அம்மையாருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பின்வந்த ஆராய்ச்சியாளர் கண்டது யாதெனின், இக்காரணியை ஏற்றுக்கொள்ளும் வாயில், அதாவது ஏற்பி, சிலவகைப் புற்றுநோய்களில் அடங்காது திறந்து கிடக்கிறது என்பதே. அவ்வாயிலை அடைத்தால் புற்று வளராது. அடைக்கும் மருந்துகளும் வந்தன: ஜெஃபிடினிப் 2002-இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்றது; எர்லோடினிப்பும் செடுக்ஸிமாப்பும் 2004-இல் அமெரிக்காவில் பெற்றன. எவருடைய கட்டியில் அந்த ஏற்பியின் மரபணு மாறியிருக்கிறதோ அவருக்கே நுரையீரல் புற்றில் இம்மாத்திரை நன்கு பலிக்கும் என்பதும் 2004-இலேயே தெளிவாயிற்று. அம்மாற்றம் ஆசிய மக்களிடத்தும், புகைபிடிக்காதவரிடத்தும், பெண்களிடத்தும் மிகுதியாகக் காணப்படுகிறது.

ஆனால் பெயரைக் கவனியுங்கள். மேல்தோல் வளர்ச்சிக் காரணி! பகைவனின் கோட்டையில் தொங்கும் அதே பூட்டு நம் வீட்டு வாசலிலும் தொங்குகிறது. கோட்டையை அடைக்கச் செய்த சாவி வீட்டையும் அடைத்துவிடுகிறது. புதுத்தோல் உரிய ஒழுங்கில் வளராமல் மெலிகிறது; மயிர்க்கால்கள் அழற்சி கொள்கின்றன; ஈரத்தைக் காக்கும் அரண் தளர்கிறது. எர்லோடினிப் உண்பவரில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், இக்கொப்புளங்கள் தோன்றுகின்றன. செடுக்ஸிமாப்பில் இவ்விகிதம் இன்னும் கூடுதல். பார்வைக்கு வாலிபப் பருவைப் போல் தோன்றினும் இது அதுவன்று. பருவுக்கென்று கடையில் விற்கும் களிம்பு, தோலை மேலும் உலர்த்தித் துன்பத்தையே வளர்க்கும். சிலருக்குக் கண்ணிமை மயிர் நீண்டு வளைந்து கண்ணையே உறுத்துவதும் உண்டு.

இவ்வகைத் துன்பம் ஒரு மருந்தோடு நிற்பதன்று. கல்லீரல், சிறுநீரகப் புற்றுகளுக்குத் தரப்படும் சோராஃபெனிப், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அழுத்தம் விழும் இடங்களில் நோவு மிகுந்த தடிப்பை உண்டாக்கும். மண்வெட்டி பிடிப்பவனுக்கும் நாள் முழுவதும் நின்று உழைப்பவனுக்கும் இது என்ன பொருள் தரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இரத்தப் புற்றொன்றுக்கு 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாடினிப், நம்மைப் போன்ற கருநிற மக்களின் தோலைச் சிலவேளை வெளுக்கச் செய்யும். அம்மருந்து அடக்கும் ஏற்பிகளுள் ஒன்று, தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களுக்கும் உயிர்நாடியாய் இருப்பதே காரணம்.

புகையும் தீயும்

இங்கே ஒரு செய்தி நம் வினாவை மேலும் சிக்கலாக்குகிறது. செடுக்ஸிமாப், எர்லோடினிப் ஆகியவற்றை ஆராய்ந்தோர், கொப்புளம் மிகுதியாய்த் தோன்றியவர்களிடம் மருந்து நன்கு வேலை செய்யும் போக்கைக் கண்டனர். அங்ஙனமாயின் முகத்தின் புண் நற்செய்தியன்றோ? அதைக் கண்டு மகிழ வேண்டாவோ? “பரு வந்தால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம், சந்தோஷப்படுங்கள்” என்று நோயாளியிடம் சொல்வாரும் இருக்கின்றனர்.

நம் அன்பர் உழைத்த தொழிலிலிருந்தே இதற்கு விடை தேடலாம். விறகிட்டுச் சூளை எரிப்பவன் புகையைக் கண்டு, உள்ளே தீ பற்றிவிட்டது என்று அறிந்துகொள்கிறான். புகை அவனுக்கு நல்ல அடையாளந்தான். அதற்காக எவனும் புகைபோக்கியை அடைத்து வைப்பதில்லை. புகை வெளியேற வழி செய்தால் தீ அணைந்துவிடும் என்று அஞ்சுவதுமில்லை. அடையாளம் வேறு, காரணம் வேறு. கொப்புளம் மருந்து வேலை செய்வதன் அடையாளமாக இருக்கலாம். கொப்புளமே புற்றை அழிப்பதில்லை. ஆகவே அதை ஆற்றுவதால் மருந்தின் பயன் குறைந்துவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை.

இது வெறும் உவமையன்று. இதே வகை மருந்தான பானிடுமுமாப் பெற்ற நோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு சாராருக்குக் கொப்புளம் தோன்றுமுன்பே ஈரப்பசைக் களிம்பு, வெயில் தடுப்புக் களிம்பு, மென்மையான ஸ்டீராய்டு களிம்பு, டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஆகியவற்றைத் தந்தனர். மற்றவர்க்குத் துன்பம் வந்த பிறகே சிகிச்சை தந்தனர். பின்னவரில் 100-க்கு 62 பேருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான தோல் துன்பம் நேர்ந்தது. முன்னவரில் 29 பேருக்கே நேர்ந்தது. பின்னாளில் வந்த ஓசிமெர்டினிப், மாறிப்போன ஏற்பியையே பெரிதும் நாடிச்சென்று இயல்பான ஏற்பியை ஓரளவு விட்டுவிடுவதால், தோலை அத்துணை வருத்துவதில்லை. குணத்துக்குக் கொடுத்தே தீரவேண்டிய விலை என்று நாம் எண்ணிய துன்பத்தில் பெரும்பகுதி, கொடுக்க வேண்டாத விலையாகவே இருந்திருக்கிறது!

கொப்புளம் தோன்றாதவர் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். புண்ணே புண்ணியம் என்று பேசிவிட்டால், முகம் தெளிவாக இருப்பவர் “எனக்கு மருந்து பிடிக்கவில்லையோ” என்று இரவெல்லாம் கலங்குவார். கொப்புளமின்றியே மருந்து பலித்தவர்களும் உளர். ஒருவருக்கு ஆறுதலாகச் சொன்ன சொல் அடுத்தவருக்கு அச்சமாகிறது. மருத்துவர் வாயில் இச்செய்தி அறிவு. நலம் விசாரிக்க வந்தவர் வாயிலோ, “இனி இதைப் பற்றிப் பேசாதே” என்னும் ஆணையாகவே அது ஒலிக்கிறது.

பொறுமையும் மௌனமும்

இனி வினாவின் நடுவுக்கு வருவோம். பொறுமை என்றால் என்ன? வாய் மூடியிருப்பதா?

பொறுமைக்கு உதாரணமாக நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரிந்த பெயர் அய்யூப் நபி அவர்களுடையது. வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறுகள் அவர்களுக்கு நேர்ந்த நோயைத் தோலின் நோயாகவே சித்திரிக்கின்றன. அந்த நபி பேசாமலா இருந்தார்கள்? தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதை இறைவனிடம் எடுத்துரைத்தார்கள். அவ்வாறு எடுத்துரைத்த பின்னரும் பொறுமையாளர் என்றே திருமறை அவர்களைப் போற்றுகிறது. மகனைப் பிரிந்து கண்ணொளி இழந்த யஃகூப் நபி அவர்களும் தம் துயரத்தை மறைத்தாரில்லை. துயரைச் சொல்வது பொறுமையின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுமோ?

“அவர்கள் முறையிட்டது இறைவனிடம், மனிதரிடம் முறையிடுவதுதானே குறை” என்று வாசகர் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. விதியை நொந்து வீதியில் புலம்புவது வேறு. மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி உரைப்பது வேறு. மருந்து தேடுதல் நமக்குக் கற்பிக்கப்பட்ட கடமை. நோவைச் சொல்லாமல் மருந்து தேடுவது எங்ஙனம்? சொல்லாத நோய்க்கு மருந்தில்லை. நம் அன்பர் சொல்லியிருந்தால் களிம்பும் மாத்திரையும் கிடைத்திருக்கும். அளவைக் குறைப்பதா, சில நாள் நிறுத்துவதா என்பதை மருத்துவர் ஆராய்ந்து முடிவு செய்திருப்பார். சொல்லாததால் அவரே முடிவு செய்தார். மௌனம் அவரைப் பொறுமையாளராக ஆக்கவில்லை. மருந்தை ஒளித்து வைப்பவராகவே ஆக்கியது. அந்த மௌனத்தைக் கற்றுக்கொடுத்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மேலும் ஒன்று. உடம்பில் புண்ணிருந்து தண்ணீர் தீங்கு செய்யுமாயின் ஒளுவுக்குப் பதிலாகத் தயம்மும் செய்ய மார்க்கச் சட்டம் இடமளிக்கிறது. தொழுகையைவிட உயர்ந்த கடமை நமக்கு ஏது? அந்தக் கடமையின் வாயிலிலேயே நின்று, “உன் தோல் நோகுமா?” என்று அச்சட்டம் கேட்கிறது. தோலின் நோவு அற்பமாயின் இச்சலுகை எதற்கு? சட்டம் மதித்த நோவை நாம் மதிக்க மறுப்பது எந்த வகையில் பக்தியாகும்?

உயிர் பெரிதா, முகம் பெரிதா என்று தராசில் வைப்பதே பிழை என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட அவை கடைச் சரக்கல்ல. உயிர் என்பது வெறும் மூச்சன்று. பேரப்பிள்ளையைத் தூக்கி முத்தமிடுவதும், ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பதும், மணப்பந்தலில் நாலு பேர் நடுவே உட்காருவதும் சேர்ந்ததே வாழ்வு. மருந்து நீட்டித் தந்த நாட்களை மறைவில் கழிக்கச் செய்துவிட்டு, “உயிர் இருக்கிறதே” என்று சொல்வது எங்ஙனம் ஆறுதலாகும்? நன்றியும் முறையீடும் ஒன்றையொன்று கொல்லும் பகைகளல்ல. ஒரே நெஞ்சில் இரண்டும் குடியிருக்கலாம். “மருந்து என்னைக் காத்தது, மருந்து என்னை வருத்துகிறது.” இரண்டும் உண்மை. உண்மை பேசுபவன் நன்றிகெட்டவன் ஆவதில்லை.

பார்ப்பவரின் பொறுப்பு

நோயாளியின் கடமை சொல்வது. நம் கடமை என்ன?

முதலாவது, இது தொற்றுநோயன்று என்பதை அறிந்திருத்தல். இம்மருந்துக் கொப்புளம் தொட்டால் ஒட்டாது; ஸலாம் சொல்லிக் கை கொடுத்தால் பரவாது. இதை மருத்துவமனைச் சுவரில் எழுதிப் பயனில்லை. நம் வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும் அறிதல் வேண்டும். அடுத்தது, கைவைத்தியம் சொல்ல முந்தாதிருத்தல். வெடித்த தோலில் எதையாவது அரைத்துப் பூசச் சொல்லும் அன்பு, அன்பாயினும் அபாயமானது. கொப்புளம் நீர்கோத்துத் தோல் உரிந்தாலோ, வாய்க்குள் புண் கிளம்பினாலோ, காய்ச்சல் கூடினாலோ ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே உண்மையான உதவி.

அதனினும் கடினமான ஒன்று, பார்க்கும் விதம். வெறித்துப் பார்ப்பது ஒரு கொடுமை. பார்க்காததுபோல் முகம் திருப்பிக்கொள்வது மற்றொரு கொடுமை. முன்பு எப்படிப் பார்த்தோமோ அப்படியே பார்ப்பதுதான் நோயாளி நம்மிடம் கேட்கும் தர்மம். அதற்குக் காசு செலவில்லை. ஆயினும் நம்மில் பலருக்கு அது கைவருவதில்லை.

இமாடினிப் உண்டு நிறம் வெளுத்தவரைக் கண்டு, “நோய் வந்தும் சிவப்பாகிவிட்டீர்களே, யோகந்தான்” என்று வேடிக்கை பேசும் சமூகம் நம்முடையது. தன் தாய் தந்த நிறம் தன்னை விட்டுப் போவதைக் கண்ணாடியில் காண்பவர்க்கு அது வேடிக்கையா? மனிதரின் நிறவேற்றுமையை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக நம்புவோர் நாம். ஹபஷி பிலால் அவர்களின் குரலைப் பாங்கொலியின் முதற்குரலாகப் போற்றுவோர் நாம். நம் நாவிலேயே வெளுப்பு பரிசாகவும் கறுப்பு குறையாகவும் வழங்குமாயின், மருந்து வெளுத்தது அவர் தோலை. வெளிப்படுத்தியது நம் உள்ளத்தை.

புண்ணுக்கும் ஏங்குவோர்

இவ்வளவும் மருந்து கிடைத்தவரைப் பற்றிய பேச்சு. மருந்தே கிடைக்காதவர்க்கு இக்கொப்புளமும் எட்டாக் கனியன்றோ?

இமாடினிப்பின் வழக்கு சென்னையில்தான் தொடங்கிற்று. அதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006-இல் அது மறுக்கப்பட்டது. சட்டப் பிரிவையே எதிர்த்த மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. இறுதியாக 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலையுள்ளதாகச் சொல்லப்பட்ட மருந்தின் இந்தியப் படிவம் பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைத்துவந்த நாட்கள் அவை. சோராஃபெனிப்புக்கு 2012 மார்ச்சில் இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் வழங்கப்பட்டபோது, மாதம் ஏறத்தாழ 2,80,000 ரூபாயாக இருந்த விலைக்கு எதிரே 8,880 ரூபாய் உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

இவ்வரலாற்றைச் சொல்லி, “மருந்து கிடைத்ததே பெரிது, தோலைப் பற்றிப் பேசாதே” என்று ஏழையின் வாயை அடைப்போர் உண்டு. நாம் அதை மறுக்கிறோம். மலிவாகப் பெற்றவன் மலிவான மனிதன் அல்லன். உயிர் காக்கும் மருந்து ஏழைக்கும் உரியது என்று வாதாடிய நியாயமே, அந்த மருந்தோடு வரும் நோவை ஆற்றும் களிம்பும் ஏழைக்கு உரியது என்று வாதாடும்.

நம் அன்பருக்கு இப்போது மருத்துவர் தந்த களிம்புகளால் முகம் பெரும்பாலும் தெளிந்திருக்கிறது. நக ஓரத்து வீக்கமும் வறட்சியும் இன்னும் போகவில்லை. மாத்திரையை நாள் தவறாமல் உண்கிறார். சென்ற மாதம் அவரைக் காணச் சென்றபோது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. “எங்கே நோகிறது?” என்று மட்டும் கேட்டோம். அவர் விரல்களை நீட்டிக் காட்டினார். பின்னர் தாமாகவே தொழிலைப் பற்றிப் பேசலானார். “பாய், சூளையிலிருந்து எடுத்த பாண்டத்தில் சில வேளை கிளேஸ் மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கும். மண்ணும் மேல்பூச்சும் ஒரே அளவாகச் சுருங்காததால் வருவது. தட்டிப் பார்ப்போம். நாதம் சரியாக இருந்தால் பாண்டம் நல்ல பாண்டந்தான். ஆனாலும் அந்த வெடிப்பைப் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளாதவன் தொழிலாளி இல்லை.”

உள்ளே நாதம் சரியாக இருப்பதற்கு நன்றி சொல்வோம். மேலே வெடிப்பு இருப்பதையும் பார்ப்போம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்காத நாவையும், இரண்டையும் கேட்கும் செவியையும் இறைவன் நமக்கு அருள்வானாக!